ஊரில்லாத அணி: நட்சத்திரக் கூடைப்பந்தாட்டம் எழுப்பும் ஒரு கேள்வி

கேள்வி

சங்கரன்கோவில் வட்டாரத்தில், மேலநீலிதநல்லூரையும் அதைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களையும் போன்ற ஊர்களின் சுவர்களில் ஒட்டப்படும் மின்னொளிக் கபடிச் சுவரொட்டிகளைக் கடைசி வரிவரை படிப்பவர்கள் குறைவு. பரிசுத் தொகையும் உபயதாரர் பெயர்களும் பெரிய எழுத்தில் இருக்கும். அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் விதிமுறைகள் வரும்: நுழைவுக் கட்டணம், எடை வரம்பு, நடுவர் தீர்ப்பே இறுதியானது. பல சுவரொட்டிகளில் இன்னொரு விதியும் உண்டு. ஓர் அணியில் ஒரே ஊர்க்காரர்கள்தான் ஆட வேண்டும், ஆதார் அட்டை கையில் இருக்க வேண்டும். பக்கத்து ஊர்க் கெட்டிக்காரன் ஒருவனைப் பணம் கொடுத்து ‘கெஸ்ட்’டாக இறக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் காவல்.

இந்தக் காவலுக்கு நேர்மாறான ஒன்றை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. எழுபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருகிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியையொட்டி எல்லா அணிகளிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கியெடுத்து, ஒரே இரவுக்காக அணி சேர்த்து ஆடவிடுகிறது. இதற்கு ஆல்-ஸ்டார் ஆட்டம் என்று பெயர். புள்ளிப் பட்டியலில் இதற்கு இடமில்லை. வென்றவர் எதையும் நோக்கி முன்னேறுவதில்லை, தோற்றவர் எதிலிருந்தும் வெளியேறுவதில்லை. தமிழில் இதைக் காட்சிப் போட்டி என்போம்.

ஆட்டக்காரர்களின் தரத்தை மட்டும் பார்த்தால், ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டம் இதுவாக இருந்திருக்க வேண்டும். நடப்பதோ வேறு. கெட்டிக்காரர்கள் மட்டுமே கூடிய களத்தில் ஆட்டம் ஏன் சோர்ந்துபோகிறது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். அமெரிக்கப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் கேட்டுச் சலித்த கேள்வி என்றாலும், கபடிச் சுவரொட்டியின் பொடி எழுத்திலிருந்து தொடங்கினால் விடை கொஞ்சம் வேறாக அமைகிறது.

1951, பாஸ்டன்

இந்த ஆட்டம் பிறந்த சூழலை முதலில் பார்த்துவிட வேண்டும். பேஸ்பாலில் 1933-லேயே சிகாகோவில் நட்சத்திர ஆட்டம் நடந்திருந்தது. கூடைப்பந்து அதைக் கையிலெடுத்ததோ அவமானத்தின் நடுவில். 1951 தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சூதாட்ட ஊழல் வெடித்தது. பணம் வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைச் சுருக்கிக் கொடுத்த மாணவர்கள் கைதானார்கள். கூடைப்பந்து என்றாலே ஐயத்தோடு பார்க்கப்பட்ட அந்த நாட்களில், என்.பி.ஏ.வின் விளம்பரப் பொறுப்பாளர் ஹாஸ்கெல் கோஹன் இந்த யோசனையை முன்வைத்தார். சங்கத் தலைவருக்கு நம்பிக்கையில்லை. நட்டம் வந்தால் தன்னுடையது என்று பொறுப்பேற்றவர் பாஸ்டன் அணியின் உரிமையாளர் வால்டர் பிரவுன். மார்ச் 2 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் 10,094 பேர் கூடினார்கள். கிழக்கு 111, மேற்கு 94.

இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணிக்கையை வைத்துப் பார்க்கலாம். அதற்குச் சரியாக நூறு நாட்களுக்கு முன், 1950 நவம்பர் 22 அன்று, ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் அணியை 19–18 என்று வென்றிருந்தது. முழு ஆட்டத்துக்கும் இவ்வளவுதான். எறிவதற்குக் கால வரம்பு இல்லாத காலம் அது. பந்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது சட்டப்படி சரி. 24 விநாடி விதி வந்தது 1954-இல்தான். ஆகவே 111–94 என்பது 1951-இன் பார்வையாளனுக்கு வெறும் மதிப்பெண் அல்ல. தினசரி ஆட்டத்தில் காணக் கிடைக்காத ஓட்டமும் தாராளமும் அன்றைக்குக் கண்முன் நடந்தன. காட்சிப் போட்டியில் காட்டுவதற்கு உண்மையிலேயே ஒன்று இருந்தது.

இன்று அந்தத் தாராளம் அன்றாடமாகிவிட்டது. சாதாரண லீக் ஆட்டத்திலேயே ஓர் அணி நூறைத் தாண்டுவது வாடிக்கை. அரங்கின் நடுக்கோட்டருகிலிருந்து எறிவதும் பாய்ந்து வளையத்தில் திணிப்பதும் ஒவ்வோர் இரவும் கைபேசிக்கு வந்துசேர்கின்றன. அன்றாடத்தில் கிடைக்காததைக் காட்டுவதுதான் காட்சி என்றால், நட்சத்திர ஆட்டம் காட்டுவதற்கு ஒன்றுமில்லாத காட்சியாகப் போய்ப் பல காலமாகிறது. இந்தக் கோணத்துக்கு விமரிசகர்கள் போதிய இடம் தரவில்லை என்பது என் எண்ணம்.

வழக்கமான விடைகள்

அவர்கள் இடம் தருவது இரண்டு விடைகளுக்கு. ஒன்று, பணமும் காயமும். கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தத்தில் இருப்பவன், கணக்கில் சேராத ஆட்டத்தில் முழங்காலைப் பணயம் வைப்பானா? நியாயமான வாதம், ஆனால் முழுமையானதல்ல. 2018 முதல் வென்ற அணியினருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்கு 25,000 என்று சங்கம் பரிசை உயர்த்திப் பார்த்தது, ஆட்டம் அசையவில்லை. பணம் குறைவு என்பதால் அல்ல, பணத்தால் வாங்கக்கூடியது அல்ல என்பதால்.

இரண்டாவது விடை, ‘அந்தக் காலம்’. பழைய நட்சத்திரங்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள், இப்போதையவர்கள் செல்லப்பிள்ளைகள் என்பது. இதற்கும் கொஞ்சம் சான்று உண்டு. 2001-இல் வாஷிங்டனில், கடைசி ஒன்பது நிமிடங்கள் இருக்கையில் 21 புள்ளி பின்தங்கியிருந்த கிழக்கு அணி, ஆலன் ஐவர்சன் தலைமையில் துரத்தி வந்து 111–110 என்று வென்றது. ஆனால் பழைய காலத்தில் மக்கள் மறக்காத ஆட்டங்களில் ஒன்று 1992-இல் ஆர்லாண்டோவில் நடந்தது. அது போட்டியே அல்ல. எச்.ஐ.வி. தொற்று உண்டென்று அறிவித்து ஓய்வுபெற்ற மேஜிக் ஜான்சன் அன்று ஆட வந்தார். அவரைத் தொடவே பலர் அஞ்சிய காலம். எதிரணியினர் உட்பட எல்லோரும் அவரைத் தழுவிக்கொண்டார்கள். மேற்கு 153, கிழக்கு 113. நாற்பது புள்ளி வித்தியாசத்தைப் பற்றி அன்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. போட்டி இருந்தால்தான் மதிப்பு என்ற வாதம் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறது.

அடிமட்டம் 2024-இல் இண்டியானாபொலிஸில் வந்தது. கிழக்கு 211, மேற்கு 186. இரு அணிகளும் சேர்ந்து எறிந்த மூன்று புள்ளி எறிவுகள் 168. தடுப்பாட்டம் என்று ஒன்று இருப்பதையே இரு தரப்பும் மறந்திருந்தன. கூடைப்பந்தின் பிறப்பிடங்களில் ஒன்றாகத் தன்னை எண்ணிக்கொள்ளும் ஊரில் இது நடந்தது என்பது தனி வேடிக்கை.

உத்தி பிரித்தல்

சங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அதன் திருத்தங்களை வரிசையாகப் பார்த்தால் சுவையான ஒன்று புலப்படும்: ஏறக்குறைய எல்லாமே அணியை எப்படிப் பிரிப்பது என்பதைச் சுற்றியே வருகின்றன. 2017 வரை கிழக்கு, மேற்கு. 2018-இல் அதைக் கைவிட்டு, இரண்டு தலைவர்கள் ஆளுக்கொருவராகப் பொறுக்கும் முறை வந்தது. 2024-இல் மீண்டும் கிழக்கு, மேற்கு. 2025-இல் நான்கு சிறு அணிகள், 40 புள்ளியை முதலில் தொட்டவர் வெற்றி. அவற்றில் மூன்றைத் தொலைக்காட்சி வருணனையாளர்களான முன்னாள் வீரர்கள் பிரித்தார்கள். 2026-இல் இரண்டு அமெரிக்க அணிகள், ஓர் உலக அணி.

தலைவர்கள் ஆள் பொறுக்கும் முறையைப் புதுமையென்று கொண்டாடினார்கள். நம் தெருப்பிள்ளைகளுக்கு அது தெரிந்ததுதான். உத்தி பிரித்தல் என்போம். சம வலுவுள்ள இருவர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவன் ஒரு பெயரைக் கேட்பான். அந்தப் பெயருக்குரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். ஐந்து நிமிடங்களுக்கு முன்பு அணியே இல்லை. பிரிந்தபின் நடக்கும் ஆட்டத்தில் முழங்கால் சிராய்ப்பு நிச்சயம்.

நான் சொல்லவரும் கருத்துக்கு இது இடைஞ்சலான சான்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊர் இல்லாததால்தான் நட்சத்திர அணி சோர்கிறது என்றால், உத்தி பிரித்த அணிக்கு எந்த ஊர் இருக்கிறது? ஒரு வேறுபாடு உண்டு. உத்தி ஆட்டத்துக்குப் பார்வையாளர் கிடையாது. நின்று பார்ப்பவன் தன் முறைக்குக் காத்திருப்பவன். அங்கே ஆட்டம் ஆடுபவர்களுக்கே சொந்தம், நாளைக்கும் அதே முகங்களோடுதான் ஆட வேண்டும். நட்சத்திர ஆட்டத்தில் உத்தி பிரிப்பையும் விற்கிறார்கள், ஆட்டத்தையும் விற்கிறார்கள். பார்ப்பவருக்காக ஆடுவதென்றால், பார்ப்பவரில் ஒரு கூட்டமாவது ‘இது நம்ம அணி’ என்று சொல்ல வேண்டும். லெப்ரான் அணி, யானிஸ் அணி என்று தலைவரின் பெயரை வைத்தால் அப்படிச் சொல்ல ஆளில்லை.

கிரிக்கெட்டில் நம் கண்முன்னே இதற்கு ஓர் இணை இருக்கிறது. 1961-இல் தொடங்கிய துலீப் கோப்பை மண்டல அணிகளின் போட்டி. 2016 முதல் சில ஆண்டுகள் நீலம், சிவப்பு, பச்சை என்று நிறப்பெயர் அணிகள் ஆடின. மண்டலங்கள் திரும்பின. 2024-இல் மறுபடி ஏ, பி, சி, டி. அடுத்த ஆண்டே மண்டலங்கள் மறுபடி திரும்பின. ஆட்டக்காரர் தரத்தில் எழுத்து அணிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ‘டி’ அணி தோற்றதற்காக வருந்தும் ரசிகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சிறந்தவர்களைத் திரட்டுவதே ஆட்டத்தைக் கெடுக்கிறது என்பதற்கில்லை. மேலநீலிதநல்லூர்க் கல்லூரி மாணவன் ஒருவன் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால், நேற்றுவரை எதிரணியில் முட்டிமோதிய பிற கல்லூரி மாணவர்களோடு ஒரே சட்டை போட்டுத்தான் ஆடுவான். அதுவும் பொறுக்கியெடுத்த அணிதான். தென்மண்டலப் போட்டியில் அவன் ஆடும் ஆட்டத்தில் சோர்வு இருக்காது. சட்டையில் இருக்கும் பெயர் ஏதோ ஓர் இடத்தைச் சுட்டுகிறது. தோற்றால் பேருந்தேறி அங்கேதான் திரும்ப வேண்டும்.

உடைமாற்றும் அறையில்

எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றில் இந்த ஊரில்லாத அணிகள் உண்மையில் ஓர் அணியாக நின்ற தருணங்கள் சில உண்டு. அவற்றில் பெரியது களத்தில் நடக்கவில்லை.

1964 ஜனவரி 14. மறுபடி பாஸ்டன். வெளியே பனிப்புயல். முதல்முறையாக ஆட்டம் முன்னிரவில் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக இருந்தது. ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஓய்வூதியத் திட்டத்தை உரிமையாளர்கள் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார்கள். அன்று மாலை, ஆட்டக்காரர் சங்கத் தலைவர் டாம் ஹெயின்சானின் முன்னெடுப்பில், கிழக்கும் மேற்கும் ஒரே முடிவெடுத்தன: உறுதிமொழி இல்லாமல் களமிறங்குவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் அணி உரிமையாளர், தன் ஆட்டக்காரர்களான எல்ஜின் பெய்லரையும் ஜெரி வெஸ்ட்டையும் உடனே வெளியே வரச்சொல்லி மிரட்டல் அனுப்பினார். அவர்கள் வரவில்லை. ஒளிபரப்பு நேரம் நெருங்க நெருங்க, லீக் தலைவர் வால்டர் கென்னடி வாக்குறுதி தந்தார். சில நிமிடங்கள் தாமதமாக ஆட்டம் தொடங்கியது. கிழக்கு 111, மேற்கு 107.

அன்றைய சிறந்த ஆட்டக்காரர் ஆஸ்கார் ராபர்ட்சன். அடுத்த ஆண்டு ஆட்டக்காரர் சங்கத் தலைவரான அவர் 1970-இல் லீக் மீது தொடுத்த வழக்கு, 1976-இல் உடன்பாட்டில் முடிந்து, ஆட்டக்காரர்கள் அணி மாறும் உரிமைக்கு வழிவிட்டது. இன்றைய நட்சத்திரங்களின் கோடிகளுக்கு வேர் அந்தப் பனிப்புயல் மாலையில் இருக்கிறது. சாதாரண ஆட்டங்களில் ஆட்டக்காரர்கள் அணி அணியாகச் சிதறிக் கிடக்கிறார்கள். எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்த்தது, முதலாளிகளே தங்கள் செலவில் ஏற்பாடு செய்த காட்சிப் போட்டி.

2025 ஜூலையில் அது மறுபடி நடந்தது. பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் நட்சத்திர ஆட்டத்துக்கு முன், இரு அணியினரும் தங்களுக்குரிய பாக்கியைக் கொடுங்கள் என்னும் பொருள்படும் வாசகம் அச்சிட்ட ஒரே மாதிரிச் சட்டையோடு பயிற்சிக்கு வந்தார்கள். ஊதியப் பேச்சுவார்த்தை இழுபறியில் இருந்த நேரம் அது.

இன்னொரு தருணம் துக்கத்தில் வந்தது. 2020 ஜனவரியில் கோபி பிரையன்ட் மகளோடு விபத்தில் இறந்தார். மூன்று வாரம் கழித்துச் சிகாகோவில் நடந்த நட்சத்திர ஆட்டத்தில் ஓர் அணி முழுதும் அவருடைய 24-ஆம் எண்ணையும், மறு அணி முழுதும் மகளுடைய 2-ஆம் எண்ணையும் அணிந்தது. கடைசிக் கால் பகுதியில் கடிகாரம் நீக்கப்பட்டு, இலக்குப் புள்ளியை முதலில் தொடும் அணி வெல்லும் என்ற விதி அறிமுகமானது. முட்டிமோதி 157–155 என்று முடிந்தது. விதி வென்றது என்று எழுதினார்கள். அதே விதியோடு 2023-இல் வந்த ஆட்டம் 184–175. அடுத்த ஆண்டு விதியையே கைவிட்டார்கள். வென்றது விதி அல்ல என்றே படுகிறது. துக்க வீட்டில் எல்லோரும் ஓர் ஊர்.

இங்கே

இந்தியாவில் தொழில்முறைக் கூடைப்பந்தின் காட்சிப் போட்டி என்று சுட்டத்தக்கது 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பையில் நடந்தது. சாக்ரமென்டோ, இண்டியானா அணிகள் பருவத்துக்கு முந்தைய இரண்டு ஆட்டங்களை ஆடின; இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவை. முதல் நாள் இருக்கைகளை நிறைத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். இதுவும் புள்ளிப் பட்டியலில் சேராத ஆட்டம்தான். ஆனால் அன்று கூடுதல் நேரம் வரை போய் இண்டியானா 132–131 என்று வென்றது. நட்சத்திர அணிகள் அல்ல, ஊர்ப்பெயர் தாங்கிய அணிகள். களத்தில் இந்திய ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை.

நம் நாட்டில் நட்சத்திர ஆட்டத்துக்கான பெருமுயற்சி கிரிக்கெட்டில் நடந்து, நடக்காமல் போனது. 2020 ஜனவரியில், ஐ.பி.எல். தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு எட்டு அணிகளின் நட்சத்திரங்களையும் இரண்டாகப் பிரித்து நன்கொடைக்காக ஓர் ஆட்டம் என்று வாரியத் தலைவர் சவுரவ் கங்குலி அறிவித்தார். வடக்கும் கிழக்கும் ஒருபுறம், தெற்கும் மேற்கும் மறுபுறம் என்பது திட்டம். அணி உரிமையாளர்கள் முகம் சுளித்தார்கள், தொடருக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள், பெருந்தொற்று வந்தது, பேச்சு அடங்கியது. சென்னை ரசிகனையும் மும்பை ரசிகனையும் ஒரே பக்கம் உட்காரவைக்கும் அந்தக் கணக்கு பலித்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

தமிழில் நட்சத்திரம் என்றாலே திரைதான் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். 2016 ஏப்ரல் 17 அன்று நடிகர் சங்கக் கட்டட நிதிக்காகச் சேப்பாக்கத்தில் நட்சத்திர கிரிக்கெட் நடந்தபோது, அமைப்பாளர்கள் நடிகர்களை எட்டு அணிகளாக்கி ஒவ்வொன்றுக்கும் சென்னை, மதுரை, கோவை, நெல்லை என்று ஊர்ப்பெயர் சூட்டினார்கள். ஊர் இல்லாமல் ஆட்டம் நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என்.பி.ஏ.வின் ஆலோசகர்களைவிட அவர்கள் விவரமானவர்கள்.

கூடைப்பந்துக்குத் தமிழ்நாட்டில் வேர் இல்லையென்று சொல்ல முடியாது. 1891-இல் இந்த ஆட்டம் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகப் பள்ளிகளுக்கு ஆட்டம் போனது. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டு ஆண்கள் அணி பட்டம் வென்றது. பெரியகுளத்தில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் வருகின்றன. துறை அணிகள் என்பதுதான் இங்கே முக்கியம். அமெரிக்க நட்சத்திரங்கள் 1964-இல் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது ஓய்வுக்காலத்துக்கான காப்பு. நம் ஆட்டக்காரன் அதைத் தேடிப் போகும் இடம் வங்கியும் ரயில்வேயும், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும். அவன் சட்டையில் இருப்பது ஊர்ப்பெயர் அல்ல, சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர். இருந்தும் அவன் மூச்சிரைக்க ஆடுகிறான், வேலை அந்த ஆட்டத்தில் இருப்பதால்.

ஊர் என்னும் சொல்

இதுவரை ஊர் என்ற சொல்லைக் கள்ளமற்றது போலவே கையாண்டுவிட்டேன். அது அவ்வளவு வெள்ளந்தியான சொல் அல்ல.

தென்மாவட்டங்களில் ‘ஒரே ஊர் அணி’ என்பது பல இடங்களில் ஒரே தெரு அணி, அதாவது ஒரே சாதி அணி. ஊரும் சேரியும் ஒரே சட்டையில் இறங்கும் அணிகள் இல்லாமலில்லை. எண்ணிக்கை பெருமைப்படும்படி இல்லை. 2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளி மாணவர்கள் கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் பேசும் ஊரில் அணிச் சட்டையின் நிறமும் பேசும். பம்பாயில் இந்து, முஸ்லிம், பார்சி என்று மதவாரியாக அணி கட்டி ஆடிய கிரிக்கெட் போட்டிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது; ஆட்டத்தில் குறைவில்லை. காந்தி உட்படப் பலரும் கண்டித்த பிறகு, 1940-களின் நடுவில் அது நின்றது. ஆட்டத்துக்குச் சூடு தரும் ‘நம்ம அணி’ என்ற உணர்வு எங்கிருந்து எரிபொருள் எடுக்கிறது என்று கேட்காமல் அதைக் கொண்டாட முடியாது.

அப்படிப் பார்க்கும்போது ஊரில்லாத அணிக்கு, அதன் சோர்வையும் மீறி, ஒரு மதிப்பு கிடைக்கிறது. என்.பி.ஏ.வுக்கு அது தேவையில்லை. அவர்களுடைய நட்சத்திர ஆட்டம், தொலைக்காட்சி நேரத்தை நிரப்பும் பண்டமாக முடிந்துவிட்டது என்பதே என் தீர்ப்பு, 2026-இன் அமெரிக்கா–உலகம் பிரிப்பையும் சேர்த்தே. நமக்குத் தேவையிருக்கலாம். மின்னொளிப் போட்டி நடத்தும் நண்பர் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாட்டத்துக்கு முன்பு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வந்திருக்கும் எல்லா அணிகளிலிருந்தும் ஆளுக்கு இருவரை எடுத்து, பெயர்ச்சீட்டைக் குலுக்கி, எல்லா ஊரும் எல்லாத் தெருவும் கலந்த இரண்டு அணிகளை இறக்குங்கள். சுவரொட்டியில் அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் ஒரே ஊர் விதி பொருந்தாது என்று போடுங்கள். ஆட்டம் சுமாராகத்தான் இருக்கும். அந்த இரண்டு அணிகளுக்கும் சட்டை எடுக்கும்போது, எந்தக் கொடியிலும் எந்தக் கயிற்றிலும் இல்லாத நிறமாகப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கும். அதற்கென்றே ஒரு கூட்டம் போட வேண்டிவரும்.